வாத்துப் படம் போட்ட மிஸ்

டிசம்பர் பிறந்து பெட்டியில் இருந்த சுவெட்டர்கள் வெளியே வந்ததும், சோசியாலஜி மிஸ் என் மேசைக்கு முன்னால் வந்து நிற்பார். "அக்கா, டிவி அலமாரி சாவி" என்பார். எந்தப் படம் என்று நான் கேட்க மாட்டேன். வருடா வருடம் அதே கேசட்தான், அதே வாத்துகள்தான்.

கண்டோன்மென்ட் பக்கத்தில் ஒரு பெண்கள் காலேஜ். அங்கே நான் அட்டெண்டர். ஆயா என்று கூப்பிட்டால் திரும்ப மாட்டேன், கூப்பிட்டது பிரின்சிபாலாக இருந்தாலும் சரி. வேலைக்குச் சேர்த்தபோது கொடுத்த காகிதத்தில் அட்டெண்டர் என்றுதான் இருந்தது. மற்ற டீச்சர்களுக்கு அந்த வார்த்தை வாயில் வர வருடங்கள் ஆயின. இந்த மிஸ் வந்த முதல் நாளே அக்கா என்றார். என்னைவிட நல்ல இளையவர். ஒல்லி உடம்பு, கஞ்சி போட்ட காட்டன் புடவை. நெற்றியில் சில நாள் பொட்டு இருக்கும், சில நாள் இருக்காது. அவர் பேரை இங்கே எழுதப் போவதில்லை. எந்த ஊரில் இருக்கிறாரோ, இதை யாராவது படித்துக் காட்டினால் அவருக்கே தெரியும்.

மிஸ்ஸிடம் ஒரு கெட்ட பழக்கம். கெட்டதா நல்லதா என்று இன்றுவரை எனக்கு முடிவாகவில்லை. எதைப் பார்த்தாலும், "இப்படிச் செய்யணும்னு யார் உங்களுக்குச் சொன்னாங்க?" என்று கேட்பார். கோபமாகக் கேட்பதில்லை, குத்தலாகவும் இல்லை. குழந்தை பொம்மையின் வயிற்றைப் பிரித்துப் பார்க்கிற மாதிரி கேட்பார். ஆயுத பூஜைக்கு காலேஜ் பஸ் சக்கரத்துக்கு அடியில் டிரைவர் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் போய்க் குனிந்து நின்று அதே கேள்வி. அந்த டிரைவர் எங்கள் ஜோகுபாளையத்து ஆள், வாய் கொஞ்சம் நீளம். "யார் சொன்னா என்ன மிஸ், பழத்து மேலதானே ஏத்துறேன், உங்க மேலயா ஏத்துறேன்?" என்றான். மிஸ் சிரித்துவிட்டு அதையும் கிளாஸில் போய்ச் சொல்லியிருக்கிறார். லிங்கராஜபுரத்தில் அவருடைய மாமியார் கிறிஸ்மஸுக்கு அச்சுமுறுக்கு சுடும்போதும் விடவில்லையாம். பூ மாதிரி அச்சு எதற்கு, வருடத்தில் இந்த வாரம் மட்டும் ஏன் என்று சட்டிக்கு முன்னால் நின்று கேட்டிருக்கிறார். அந்த அம்மா ஒரு முறுக்கை எடுத்து இவர் வாயில் வைத்து, "மென்னுக்கிட்டே கேளும்மா" என்றாராம்.

பதில் கிடைத்ததும் அதற்கு இங்கிலீஷில் ஒரு பேர் சொல்வார். இது நார்ம், எழுதி வைக்காத சட்டம் என்பார், இது டேபூ, செய்யவே கூடாதது என்பார். பேர் வைத்துவிட்டால் அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். கிளாஸில் பல்லியைப் பிடித்து டப்பாவில் போட்டு மூடின மாதிரி.

அந்த வாத்துப் படத்தைச் சொல்ல வேண்டும். பொம்மைப் படம்தான். பனி கொட்டுகிற ஊர். ஊர் முழுக்க வெள்ளை வாத்துகள், கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு திரியும். வருடத்தில் ஒரு நாள் அவைகளுக்குப் பண்டிகை. அன்றைக்கு எல்லா வீட்டிலும் சாப்பாட்டு மேசையில் ஒரு தட்டு அதிகமாக வைக்க வேண்டும். வழி தவறி யாராவது வந்தால் அவர்களுக்கு. தட்டைத் துடைத்து, பக்கத்தில் விளக்கு வைத்து, நாற்காலிக்கு மெத்தை போட்டு, பாட்டெல்லாம் பாடும் அந்த வாத்துகள். பாடிக்கொண்டிருக்கும்போது நிஜமாகவே ஒரு காக்கா வந்துவிடும். இறக்கையில் அடி பட்டு, நடுங்கிக்கொண்டே வந்து அந்த நாற்காலியில் உட்காரும். பாட்டு நின்றுவிடும். ஒரு வாத்துகூட வாயைத் திறந்து போ என்று சொல்லாது. ஒன்று ஜன்னலைத் திறந்து வைக்கும், குளிர் உள்ளே வரட்டும் என்று. ஒன்று விளக்கைத் தள்ளி வைக்கும். ஒன்று தட்டை எடுத்துக்கொண்டு போய்த் திரும்பத் திரும்பக் கழுவும். காக்கா தானாகவே எழுந்து போகும்.

அந்த இடத்தில் மிஸ் கையைத் தூக்குவார். நான் நிறுத்துவேன். பிள்ளைகளைப் பார்த்துக் கேட்பார், இந்த ஊரோட கல்ச்சர் எது, தட்டு வைக்கிறதா, துரத்துறதா? பாதிப் பேர் தட்டு என்பார்கள். ஒரு வருடம் ஒரு பெண் எழுந்து, எங்கள் வீட்டில் அமாவாசைக்கு அமாவாசை காக்காவுக்குத்தான் முதல் சோறு, அது வந்து தின்றால்தான் நாங்கள் சாப்பிடுவோம், நாங்கள் இந்த வாத்துகள் மாதிரி இல்லை என்றாள்.

"மாடியில வெப்பீங்க" என்றார் மிஸ். "அது உள்ள வந்து, உங்க அப்பா பக்கத்துல, இலை முன்னாடி உக்காந்தா?"

அந்தப் பெண் யோசித்தாள். "ஓட்டிருவோம் மிஸ்."

"யார் சொல்லிக்கொடுத்தாங்க ஓட்டணும்னு?"

அந்தப் பெண் மெல்ல உட்கார்ந்தாள். தட்டு வைப்பது நாம் நம்மைப் பற்றிச் சொல்லிக்கொள்கிற பழக்கம், ஓட்டுவது நம்மிடம் இருக்கிற பழக்கம், இரண்டும் சேர்ந்ததுதான் கல்ச்சர், பரீட்சையில் ஒன்றை மட்டும் எழுதினால் பாதி மார்க்தான் என்பார் மிஸ். தமிழ், கன்னடம், இங்கிலீஷ் மூன்றும் கலந்து சொல்வதால் எனக்கும் புரிந்துவிடும்.

படம் அங்கே முடியாது. கடைசியில் வாத்துகள் எல்லாம் பனியில் ஓடிப் போய்க் காக்காவைக் கூட்டிக்கொண்டு வந்து, கட்டிப் பிடித்துப் பாடும். அதை மிஸ் கிளாஸில் போட விட மாட்டார். அது படம் எடுத்தவர்களின் ஆசை, அந்த ஊரின் பழக்கம் இல்லை என்பார். எனக்கு அந்தப் பாட்டுதான் பிடிக்கும். பிள்ளைகள் போன பிறகு நான் ஓட விட்டுப் பார்ப்பேன். பார்க்க வேண்டும் என்று நினைத்தால் பார்ப்பேன், யாரைக் கேட்க வேண்டும்? மிஸ் வேண்டாம் என்று சொல்ல மாட்டார். ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொள்வார். பாட்டு முடிந்து டிவியை அணைத்த பிறகுதான் திரும்புவார்.

காரணம் எனக்குத் தெரிந்தது, இந்தக் கன்னட ஊரில் தமிழர்களைத் தேடி அடித்த காவேரிக் கலவரம் வந்த டிசம்பரில். அந்த வருடம் படம் இல்லை, காலேஜையே மூடி வைத்திருந்தார்கள். திறந்த அன்றைக்கு மிஸ் ஓடி வந்தார். பத்திரமா இருந்தீங்களா என்று கேட்ட வாயோடு, வெளியே போகும்போது தமிழ் என்று தெரியாமலிருக்க என்னென்ன மாற்றிக்கொண்டீர்கள், பேச்சையா, பூ வைப்பதையா, புடவை கட்டுவதையா என்றும் கேட்டார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு, அடுப்புப் புகைகூட வெளியே போகக் கூடாது என்று உட்கார்ந்திருந்த நாட்கள் அவை.

"என் பயம் உங்களுக்குப் பாடமா மிஸ்?" என்றேன்.

அவர் முகம் செத்துப் போனது.  பிறகு, அவருடைய அண்ணன் வீட்டு வாசலில் தமிழில் இருந்த பேர்ப்பலகையைப் பயந்து அவர்களே கழற்றிவிட்டார்களாம் என்று சொன்னார். தாத்தா மகாராஜா சர்க்காரில் உத்தியோகம் பார்த்த காலத்தில் மாட்டிய பலகையாம். அந்தப் பக்கம் போன யாரோ பார்த்துவிட்டு வந்து சொல்லித்தான் இவருக்குத் தெரியும். அம்மா உள்ளே எப்படி இருக்கிறாள், பயந்தாளா, சாப்பிட்டாளா என்று இவருக்குச் சொல்ல அந்த வீட்டில் யாரும் இல்லை.

அப்படித்தான் தெரிந்துகொண்டேன். மல்லேஸ்வரத்தில் பழைய பிராமணக் குடும்பம். லிங்கராஜபுரத்துக் கிறிஸ்தவப் பையனைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து அந்த வீட்டுக் கதவு இவருக்குத் திறக்கவில்லை. கடுதாசி போட்டால் பிரிக்காமல் திரும்பி வரும். புருஷன் நல்லவர், மாமியார் தங்கம், பெண் குழந்தை ஒன்று. எல்லாம் இருந்தும் மிஸ்ஸுக்கு ஒன்றே ஒன்று வேண்டியிருந்தது. அம்மா சாவதற்குள் ஒரு தடவை அந்த வீட்டுக்குள் மகளாகப் போக வேண்டும். அதை அவர் வாய்விட்டுச் சொன்னது அந்த ஒரு நாள்தான். அதற்குப் பிறகு அவர் யாரைப் பார்த்து எந்தக் கேள்வி கேட்டாலும், எனக்கு அந்த வீட்டுக் கதவைத் தட்டுகிற சத்தமாகவே கேட்டது.

என் வீட்டுக்காரர் போனபோது மிஸ் ஜோகுபாளையத்துக்கு வந்தார். பத்தாம் நாள் காரியத்துக்கும் வந்தார். பெண்கள் என்னை நடுவில் உட்கார வைத்து, வளையலை உடைக்கவும் பூவை எடுக்கவும் நெருங்கினார்கள். எல்லோரும் அழுகிற நேரத்தில் இவர் குரல் மட்டும் தனியாகக் கேட்டது. "இது யாருக்காகங்க செய்றீங்க?" என் நாத்தனார் திரும்பி, "செத்தவனுக்காகத்தான், உனக்காகவா? சும்னிரும்மா" என்று கன்னடம் கலந்து வாயை அடைத்தாள். எனக்கு அந்த நேரத்தில் மிஸ் மேல் வெறுப்பாகத்தான் இருந்தது. என் துக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு என்ன கேள்வி?

நான் திரும்ப வேலைக்குப் போன அன்றைக்கு, என் மேசை மேல் வாழையிலையில் சுற்றி ஒரு பொட்டலம் வைத்தார். பிரித்தால் மல்லிகை. "வெச்சாலும் சரி, வெக்காட்டியும் சரி அக்கா. பூ உங்களுதுதான்" என்று சொல்லிவிட்டு கிளாஸுக்குப் போய்விட்டார். நான் தலையில் வைக்கவில்லை. தூக்கிப் போடவும் இல்லை. வாடி நிறம் மாறும்வரை மேசை டிராயரிலேயே இருந்தது. டிராயரைத் திறக்கும்போதெல்லாம் வாசனை வரும், மூடிவிடுவேன்.

அதற்குப் பிறகு சில வருடங்கள் கழித்து ஒரு சனிக்கிழமை. மிஸ் என்னிடம் வந்து, அம்மா படுத்த படுக்கையாகிவிட்டாளாம், கண்ணும் போய்விட்டதாம், கூட வருகிறீர்களா என்று கேட்டார். உங்கள் வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு போங்கள் என்றேன். அவர் வந்தால் வாசலோடு சரி என்றார்.

"தனியாப் போனாலும் அங்கயே பேசி அனுப்பிடுவாங்க. வெளி ஆள் ஒருத்தர் கூட இருந்தா உள்ள கூப்பிட்டே ஆகணும். வெளி ஆள் முன்னாடி சண்டை போடக் கூடாதுங்கறது எங்க வீட்டு நார்ம் அக்கா."

இதிலும் பாடமா என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் போனேன். நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு போனேன்.

அவர் சொன்ன மாதிரியே நடந்தது. கதவைத் திறந்தது அண்ணன் பெண்டாட்டி. மிஸ்ஸைப் பார்த்ததும் முகம் இறுகியது. பின்னால் என்னைப் பார்த்ததும் தளர்ந்தது; காலேஜ் அட்டெண்டர் என்று சொல்லிக்கொண்டேன். "வாங்கோ" என்றார். ஹாலைத் தாண்டி ஒரு அறை. கட்டிலில் மிஸ்ஸின் அம்மா படுத்திருந்தார். பஞ்சு மாதிரி ஒரு கிழவி. காலடிச் சத்தம் கேட்டு யாரது என்றார். அண்ணன் பெண்டாட்டி முந்திக்கொண்டு, "காலேஜ்லேந்து ரெண்டு பேர் பாக்க வந்திருக்கா" என்றார்.

நான் மிஸ்ஸைப் பார்த்தேன். இப்போது சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

"உக்காருங்கோ" என்றார் அந்த அம்மா. ஊர்ப் பேச்சு கொஞ்சம் பேசினார், குளிர் இந்த வருஷம் ஜாஸ்தி என்றார். மிஸ் கட்டில் ஓரமாக உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார். அந்த அம்மா கையை விடுவித்துக்கொள்ளவில்லை. உங்களுக்குக் குழந்தைகள் உண்டா என்று கேட்டார்.

"ஒரு பொண்ணு, மாமி."

பெற்ற தாயை மாமி என்று கூப்பிட்டதை என் காதால் கேட்டேன்.

"எனக்கும் ஒருத்தி இருந்தா" என்றார் அந்த அம்மா.

 கேட்காமல் இருக்க முடியாதே அவரால். "இப்ப எங்க இருக்கா மாமி?"

அந்த அம்மா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். "எங்கயோ இருக்கா. இருக்கட்டும்." கை மட்டும் மிஸ்ஸின் கையிலேயே இருந்தது. தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. மருமகள் நிலைப்படியிலேயே நின்றுகொண்டிருந்தார்.

பிறகு காபி வந்தது. இரண்டு கண்ணாடி டம்ளர். கட்டில் பக்கத்து ஸ்டூலில் அந்த அம்மா குடித்து வைத்த எவர்சில்வர் டம்ளரும் டபராவும் பளபள என்று இருந்தன. வெளி ஆட்களுக்கு என்று தனியாக வைத்திருக்கும் டம்ளரை எனக்கு அடையாளம் தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் இப்படிப்பட்ட வீடுகளில் வேலை செய்திருக்கிறேன். அதில் குடிக்க மாட்டேன் என்று சொல்லி ஒரு வீட்டை விட்டே நின்றிருக்கிறேன். எனக்கு அதில் கொடுத்தது எனக்குப் புதிது இல்லை. மிஸ்ஸுக்கும் அதிலேயே கொடுத்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. பிறந்து வளர்ந்து, அந்த எவர்சில்வரில் பால் குடித்த வீடு.

நான் தொடவில்லை. மிஸ் குடித்தார். சூடு ஆறுவதற்கு முன்னாலேயே முழுவதையும் குடித்தார். என்னுடையதையும் வாங்கிக்கொண்டு, வழி கேட்காமல் பின்பக்கக் குழாயடிக்குப் போனார். ஆறின காபியைக் கொட்டி, இரண்டு டம்ளரையும் கழுவி, துவைக்கிற கல் மேல் கவிழ்த்து வைத்தார். வேலைக்கு வருகிறவர்கள் வைப்பார்களே, அப்படி. அவரை அப்படிச் செய்யச் சொல்லி அங்கே யாரும் வாயைத் திறக்கவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தார். இதற்கு ஏதாவது பேர் சொல்வார் என்று நானும் பார்த்துக்கொண்டே வந்தேன். எப்போதும் சொல்வாரே. சிவாஜிநகர் வந்தும் சொல்லவில்லை. இறங்கும்போது, "பாத்துப் போங்க அக்கா" என்றார், அவ்வளவுதான்.

அந்த டிசம்பரிலும் சாவி கேட்டு வந்தார். படம் ஓடிக்கொண்டிருந்தபோது ஆபீஸில் இருந்து ஆள் வந்து எனக்கு போன் என்றார். எனக்கு யார் காலேஜுக்குப் போன் போடுவார்கள்? போய் எடுத்தேன். மிஸ்ஸின் அண்ணன். அன்றைக்கு அவளோடு வந்த அட்டெண்டரம்மாவைக் கூப்பிடுங்கள் என்று கேட்டு வாங்கியிருக்கிறார்.

"அம்மா போயிட்டா. நேத்தோட எல்லாக் காரியமும் ஆயிடுத்து. அவகிட்ட சொல்லிடுங்கோ."

ஏன் சார், அப்பவே சொல்லக் கூடாதா, நெருப்பு வைப்பதற்கு முன்னால் முகமாவது பார்த்திருப்பாரே என்று கேட்டேன்.   ஒரு பெண் குரல் பின்னாலிருந்து என்னமோ சொன்னது, போனை வைத்துவிட்டார்.

கிளாஸ் முடியும்வரை வராந்தாவில் நின்றேன். மணி அடித்து, பிள்ளைகள் எல்லாம் சிரித்துக்கொண்டே வெளியே போன பிறகு உள்ளே போய்ச் சொன்னேன். நான் எந்த விஷயத்தையும் சுற்றி வளைத்துச் சொல்கிறவள் இல்லை. உங்க அம்மா போயிட்டாங்களாம், எல்லாம் முடிஞ்சிருச்சாம், உங்க அண்ணன் பேசினார் என்றேன்.

அழுவார் என்று பக்கத்தில் போனேன். அவர் கைப்பையையும் புத்தகத்தையும் மேசை மேல் வைத்தார். கைக்கடிகாரத்தைக் கழற்றி அதன் மேல் வைத்தார்.

"தலைக்குத் தண்ணி ஊத்திக்கணும் அக்கா" என்றார்.

வீட்டுக்குப் போங்கள், மாமியார் வெந்நீர் போட்டுத் தருவார், இந்தக் குளிரில் என்ன என்று சொன்னேன். தலையை ஆட்டினார். கேட்ட உடனே ஊற்றிக்கொள்ள வேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்றார். அது எனக்குத் தெரியாதா? எங்கள் பக்கத்திலும் அதே வழக்கம்தான். எத்தனை நாள் கழித்துச் சேதி வந்தாலும், காதில் விழுந்த அந்த நேரமே தீட்டு, அந்த நேரமே தண்ணீர். ஆனால் அது சொந்தத்துக்கு மட்டும். பழகினவர்கள் அழலாம், வந்து பார்த்துவிட்டுப் போனவர்கள் வருத்தப்படலாம். அவர்களுக்குத் தண்ணீர் கிடையாது.

கேன்டீனுக்குப் பின்னால் எங்கள் அட்டெண்டர்களுக்கு ஒரு குளியலறை உண்டு. தகரக் கதவு, சிமெண்டுத் தரை. வாளியில் பிடித்து வைத்தேன். தண்ணீர் கையை வெட்டியது. மிஸ் கட்டின புடவையோடு தரையில் உட்கார்ந்து கொண்டையை அவிழ்த்துவிட்டார். தானாக ஊற்றிக்கொள்ளக் கை வரவில்லை. என்னைப் பார்த்தார். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

முதல் சொம்புக்கு உடம்பு தூக்கிப் போட்டது. இரண்டாவது சொம்புக்குத்தான் அழுகை வந்தது. அப்படி ஒரு அழுகை, தரையில் கையை ஊன்றிக்கொண்டு. பல் கிட்டுகிறதே, ஜன்னி வந்துவிடப் போகிறதே என்று நான் நிறுத்தினேன். கேன்டீன் பக்கம் யாரோ பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்டது.

"ஊத்துங்க அக்கா" என்றார். "நான் அவ பொண்ணு."

வாளி காலியாகிற வரைக்கும் ஊற்றினேன்.